பழி ஆம்புக்கு, பாவம் எர்த்துக்கு

காரில் பாட்டு நின்றால் முதலில் தண்டனை பெறுவது ஆம்ப்ளிஃபையர். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்த அலுமினியப் பெட்டிக்கு வக்காலத்து வாங்க ஆளில்லை. “ஆம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று தீர்ப்பு வந்துவிடும்; விசாரணை கிடையாது. என் கட்சி வேறு: குற்றவாளி பெரும்பாலும் வயர், அதிலும் கறுப்பு வயர். ப்ளஸ் வயருக்கு நாம் கொடுப்பது மாப்பிள்ளை மரியாதை. விரல் தடிமன், சிவப்பு உறை, பேட்டரியை விட்டு இறங்கியதுமே காவலுக்கு ஒரு ஃபியூஸ். எர்த் வயரோ பந்தியில் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும் ஒன்றுவிட்ட சித்தப்பா. மீந்த துண்டை வெட்டி, கைக்கு எட்டிய போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ப்ளஸ்ஸில் உள்ளே போன ஆம்பியர் அத்தனையும் இந்தச் சித்தப்பாவின் தோளேறித்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

“மீட்டர் வைத்துப் பார்த்தாச்சு, பீப் அடிக்குதே” என்பார்கள். அடிக்கும்தான். மல்டிமீட்டர் அனுப்புவது துளியூண்டு மின்சாரம்; எறும்பு கடந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பாலத்தில் லாரி போகலாம் என்று சான்றிதழ் கொடுக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துருவும் பெயின்ட்டும் சேர்ந்து அந்த போல்ட்டில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே எதையும் காட்டாது. ஆனால் பேஸ் இடிக்கும்போது 40 ஆம்பியர் ஓடினால், 40 × 0.05 = 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தும் ஆம்புக்கு வந்து சேர்வது 12தான். நடுவில் 80 வாட் ஒரு போல்ட்டைச் சூடாக்கிக் கொண்டிருக்கிறது. முறையான விசாரணை இதுதான்: பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, நீளமாக ஒரு வயர் இழுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் தொட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆள் பிடிபட்டான்.

எர்த் கெட்டால் இலவசக் கச்சேரியும் உண்டு. பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக வயலின்காரர் விடாமல் பின்தொடர்வதுபோல, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் ஏறும். ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் சிற்றலை உண்டு. இன்ஜின் வேகத்தோடு அதன் சுருதியும் ஏறும். டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவும் டிக்கியில் இருக்கும் ஆம்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் பிடித்து, இரண்டுக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், அந்தச் சிற்றலை ஆர்.சி.ஏ. கேபிளின் மேலுறை வழியாகப் பாட்டுக்குள் புகுந்துவிடும். ஃபில்டர் போட்டால் நின்றுவிடுமே என்றால், நிற்கலாம். ஓட்டுக் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்தாலும் தரை நனையாதுதான்.

அப்படியானால் ஆம்ப் எரிவதே இல்லையா? எரியும். ஆனால் அதற்கு முன் ‘ப்ரொடெக்ட்’ என்று சிவப்பு விளக்கைக் காட்டி அது பெரும்பாலும் எச்சரிக்கும். அது குற்ற ஒப்புதல் அல்ல, புகார் மனு. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றியதும் அந்த விளக்கு அணைந்தால், கதவு இடுக்கில் நசுங்கிய வயர் பாடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுமை மிதமிஞ்சியிருக்கும்: இரண்டு 4 ஓம் வூஃபரை பேரலலாகக் கோத்து 2 ஓமாக்கி, அதையும் பிரிட்ஜில் மாட்டினால், ஒவ்வொரு சேனலின் தலையிலும் 1 ஓம். பேஸ் போதவில்லை என்ற வழக்கிலும் ஒரு வூஃபருக்கு மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். ஒன்று தள்ள மற்றது இழுக்கிறது. 1.5 வோல்ட் டார்ச் செல்லைத் தொட்டுக் காட்டினால் கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் ‘1000 வாட்’, உள்ளே ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ்; 30 × 14 = 420. அந்தப் பொய்யும் ஆம்ப் சொன்னதல்ல, அட்டையில் அச்சடித்தவர் சொன்னது.

புது ஆம்புக்குப் பணம் எண்ணும் முன், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்பு வயர் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, சிவப்பின் தடிமனிலேயே குட்டையாக ஒரு வயர் போடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது.