காட்பாடி நடைமேடையில் தேநீர்க் கடைக்கு உகந்த இடம்: ஓர் ஆய்வு

1. வரையறை

ரயில் கிளம்புவதற்குள் போய்த் திரும்ப முடியுமா என்ற ஐயம் எழும் தொலைவில் இருப்பது தேநீர்க் கடை. குடிப்போர் அனைவரும் நடக்கும் தொலைவின் மொத்தம் எங்கே மிகக் குறைவோ, அதுவே அதற்கு உகந்த இடம். இச்சிக்கலை ஆலைகளுக்குப் பொருத்தி 1909இல் நூல் எழுதியவர் ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர். தேநீர்க் கடையைக் கவனிக்கும் பொறுப்பு பின்வந்தோர் தலையில் விழுந்தது.

2. நேர்கோட்டுத் தேற்றம்

சென்னை–ஜோலார்பேட்டைத் தடமும் விழுப்புரம்–திருப்பதித் தடமும் சந்திக்கும் காட்பாடியில், வேலூர் மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பமும், கல்லூரி மாணவரும், ஆம்பூர் வியாபாரியும் இறங்குகிறார்கள். ஆய்வின் பார்வையில் மூவரும் கோட்டின்மேல் புள்ளிகள். 22 பெட்டி ரயில் அரை கிலோமீட்டரைத் தாண்டுமாதலால் கோட்டுக்குக் குறைவில்லை.

நடைமேடையின் ஒரு முனையிலிருந்து 10, 20, 30, 40, 500 மீட்டரில் ஐவர் நிற்பதாகக் கொள்வோம். சராசரி 120. அங்கே கடை போட்டால் மொத்த நடை 760 மீட்டர். நடு ஆளின் காலடியில், அதாவது 30இல் போட்டால் 510 மட்டுமே. ஆகவே உகந்த இடம் சராசரி அன்று, இடைநிலை. ஐந்தாமவர் 500லிருந்து 5,000 மீட்டருக்குத் தள்ளிப் போனாலும் கடை நகராது. முன்பதிவில்லாப் பெட்டிக்காரரான அவர் இத்தேற்றத்தை வியக்க வாய்ப்பில்லை.

3. முடிச்சுத் தேற்றம்

புள்ளிகள் ஒரே கோட்டில் இல்லாதபோது பலகை உதவும். புள்ளிக்கு ஒன்றாக மூன்று துளைகள் வழியே மூன்று நூல்களை விட்டு, மேலே ஒரே முடிச்சாகக் கட்டி, கீழே அந்தந்தப் புள்ளியின் சுமைக்கேற்ற எடைகளைத் தொங்கவிட்டால் முடிச்சு நிற்குமிடம் விடை. ஓர் எடை மற்ற இரண்டின் கூட்டலை மிஞ்சினால், முடிச்சு அதன் துளைக்கே போய்விடும்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் பாலாற்றை ஒட்டி அமைந்தன. உப்பிட்ட தோலும் ஆவாரம்பட்டையும் எங்கிருந்தும் வரலாம், பதமான தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போகலாம். ஆனால் 1 கிலோ தோலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். எடையில் தண்ணீர் மற்றெல்லாவற்றையும் மிஞ்சியதால் முடிச்சு ஆற்றில் விழுந்தது.

4. விடுபட்ட செலவு

ஆலைக்குள் வந்த தண்ணீர் கழிவாக வெளியேறியும் ஆகவேண்டும். அதைச் சுமந்து செல்ல ஆறு கூலி கேட்கவில்லை. எனவே கணக்கில் அச்செலவு சுழியம். 1996இல், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மொத்தச் செலவு என்னும் சொல்லில் ‘மொத்தம்’ என்பது யாரை உள்ளடக்கும் என்ற ஐயத்தை வெபரின் கணக்கு தீர்ப்பதில்லை. ஐந்தாமவரின் வழக்கும் இதுவே.

5. முடிவு

நடைமேடையில் இதற்கு ஒரு தீர்வு முன்பே வழக்கில் உள்ளது. ரயில் நின்றதும் ஒருவர் தேநீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகக் கூவி நடக்கிறார். பயணிகளின் நடை சுழியமாகிறது. இடைநிலை, சராசரி இரண்டும் தேவையற்றுப் போகின்றன. ஐந்தாமவருக்கும் தேநீர் கிடைக்கிறது. கேன்காரர் நடக்கும் அரை கிலோமீட்டர் மட்டும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.