சனியைத் தேடிப் போதல்: வள்ளூர் மொட்டை மாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

மடிக்கணினித் திரையில் ஒரு விண்மீனைத் தொட்டால், மாடியில் நிற்கும் தொலைநோக்கி தானே அதன் பக்கம் திரும்பும் என்பது ‘கோ-டூ’ எனும் இத்துறையின் மூலச் சூத்திரம். அற்றேல், வள்ளூரிலும் அவ்வாறு திரும்புமோ எனின், திரும்பும். திரும்பிய இடத்தில் விண்மீன் தெரியுமோ எனின், அது வேறு வினா. அவ்வினாவின் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் ஆய்வெல்லை. மீஞ்சூருக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது, அலகுக்கு 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம். சுற்றிலும் துறைமுகம், நிலக்கரிக் கிடங்கு, கன்டெய்னர் லாரி, இரவெல்லாம் அணையாத விளக்கு. ஆகவே வள்ளூர் வானத்தை ஆய்வாளர் இருவகையாகப் பகுப்பார்: கண்ணுக்குத் தெரியும் வானம், ஸ்டெல்லேரியம் என்னும் வானியல் மென்பொருளில் தெரியும் வானம். முன்னதில் சித்திரை, சுவாதி, கேட்டை போன்ற பெரிய மனிதர்கள் மட்டும் உண்டு. பின்னதில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உண்டு, மென்பொருளும் இலவசம்.

இனி இயங்குமுறை. மென்பொருளுக்குத் தெரிந்தவை மூன்று: மணி என்ன, நாம் நிற்கும் இடம் எது, எந்த விண்மீனின் முகவரி எது. இம்மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்குக் கேபிள் வழியே சேதி அனுப்பும். 1992இல் மீட் நிறுவனம் வெளியிட்ட எல்.எக்ஸ்.200 தொலைநோக்கியின் மொழியைத்தான் பல மவுண்டுகள் இன்றும் பேசுகின்றன. வல ஏற்றம் ஒரு வரி, நடுவரை விலக்கம் ஒரு வரி, பிறகு ‘எம்.எஸ்.’ என்றொரு கட்டளை. மவுண்ட் 0 என்று பதில் சொன்னால் சம்மதம். 1 என்றால், கேட்ட பொருள் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. சம்மதத்துக்குப் பூஜ்யம் போடும் வழக்கம் தமிழ்நாட்டு விடைத்தாள் மரபுக்கு ஒவ்வாதது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

கவனிக்க: இந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் விண்மீனை ஒருவரும் பார்க்கவில்லை. மேகம் மூடியிருந்தாலும், புகை கவிந்திருந்தாலும், பட்டப்பகலானாலும் மவுண்ட் சரியாகவே திரும்பி, வந்துவிட்டேன் என்று அறிவிக்கும். இதற்கு நம்மிடம் முன்னோடி உண்டு. காலை பத்து மணி முகூர்த்தத்தில், மண்டபத்து ஓட்டுக்கூரைக்குக் கீழே, ஐயர் விரல் நீட்டி ‘அருந்ததி தெரியுதா?’ என்பார், மாப்பிள்ளை ‘தெரியுது’ என்பார். கோ-டூ முறை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்போர் இதை மீண்டும் பரிசீலிக்க வேண்டும்.

அடுத்து, பாடபேதங்கள். மவுண்டின் கைக்கருவி மாதத்தை முதலில் கேட்கும். நாம் தேதியை முதலில் கொடுப்போம். மார்ச் 7 என்பது ஜூலை 3 ஆகி, வானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். உலக நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தில் அரையை விட்டுவிட்டால் குறி ஏழரைப் பாகை தப்பும். அதாவது பதினைந்து முழுநிலவுகளை அடுக்கி வைத்த தூரம். தீர்க்கரேகையில் கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு என்று அழுத்தினால் வள்ளூர் அப்படியே கரீபியக் கடலில் போய் விழும். இத்தனைக்கும் சென்னைக்காரர்கள் நேரம் தெரியாதவர்கள் அல்லர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் மதராஸ் நேரத்தில்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. வள்ளூரின் சொந்த வெயில் நேரம் இன்றும் கடிகாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியதே. அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருப்போர் இதை எந்தக் கருவியும் இன்றி உணர்வர்.

துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் 13 பாகையில்தான் நிற்கிறது. அந்த உயரம் புழுதிக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் உரியது. குளிர்நாட்டாருக்காகச் செய்த மவுண்டின் அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் இதே தாழ்ந்த துருவம்தான்; ஆனால் அதன் இரும்புச் சட்டம் அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே திருப்புகிறார்கள். வள்ளூரில் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மவுண்டுக்கும் நடுவே இருக்கும் கேபிள் மூன்று மீட்டர். அதிலும் யாராவது தடுக்கி விழுகிறார்கள்.

இனி ஆய்வின் மையத் தரவு. வேலையைத் தொடங்கும்முன் மவுண்ட் ஒரு சாட்சி கேட்கும்: ‘இதோ கேட்டை’ என்று ஒருவர் கண்ணால் பார்த்து, நடுவில் நிறுத்தி, பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு வைகாசி மாலை, தென்கிழக்கே கேட்டை எழும் வேளையில், பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர் சிவப்பாக ஒன்றைக் கண்டு அழுத்திவிட்டார். அது புகைபோக்கியின் உச்சி விளக்கு. விட்டு விட்டு எரிகிறதே என்று கேட்டதற்கு, விண்மீன்கள் மினுக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்றார். மவுண்ட் அதை நம்பி, புவியின் சுழற்சிக்கு ஈடாக நொடிக்கு 15 விகலை மேற்கே நகர்ந்தது. புகைபோக்கியோ நகரவில்லை. ஆகவே விளக்கு கிழக்கே நழுவி, இரண்டு நிமிடத்தில் ஒரு நிலவகலம் விலகிவிட்டது. ‘கேட்டை வக்கிரம்’ என்று அறிவித்தார் மாணவர். வக்கிரம் கிரகங்களுக்கே உரியது, நட்சத்திரங்களுக்கு இல்லை என்பது பஞ்சாங்க நூலாரின் துணிபு.

அதன்பின் அன்றிரவு முழுவதும் மென்பொருள் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போடவில்லை. எல்லாமே ஒரே அளவில், ஒரே ஒழுங்கில் தப்பின. இரண்டாம் சாட்சி கேட்கும் மவுண்டாக இருந்தால் பொய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கள ஆய்வின் இறுதிப் பகுதி சனியைப் பற்றியது. எல்லாம் சரியாக அமைந்த ஓரிரவு, துணி எடுக்க மாடிக்கு வந்த கீழ் வீட்டு அக்கா கேட்டார்:

“இன்னா தம்பி, இன்னா தெரியுது?”

“சனி கா.”

“ஊரே அது பார்வை படக்கூடாதுன்னு திருநள்ளாறு போயி எள்ளு தீபம் ஏத்துது. நீ காசு குட்த்து மெசினு வாங்கி அத்தத் தேடிப் போறியா?”

இவ்வினாவுக்கு ஸ்டெல்லேரியத்தில் விடை இல்லை. ஆயினும் பார்த்தார், வளையம் இருப்பதை ஒப்புக்கொண்டார்.

“சரி, அத்த வுடு. அந்த செவப்பு லைட்டாண்ட திருப்பு. எங்க வூட்டுக்காரு அங்கதான் நைட் ஷிப்டு.”

ஆறு லட்சம் விண்மீன்களின் பட்டியலில் புகைபோக்கி இல்லை. எனவே மென்பொருளை மூடி, தொடர்சுழற்சியை நிறுத்தி, அம்புக்குறிப் பொத்தான்களால் கையாலேயே திருப்ப நேர்ந்தது. அக்கா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னாப்பா, சிம்னி தலைகீழா தொங்குது?”

இஃது ஒளியியலின்பாற்பட்டது; இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.