வீழ்ந்த மடிக்கணினியின் திரை இருண்டமை பற்றிய அளவை விசாரம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி நிற்கும் தொடர்மாடி வீடுகளில், பிளக் பொயின்ற் ஒரு மூலையிலும் சாப்பாட்டு மேசை மறு மூலையிலும் அமைவது சிருஷ்டி தொட்டு வரும் நியதியாகையால், இரண்டையும் இணைத்து நடைவழியின் குறுக்கே கிடக்கும் சார்ஜர் வயரே லப்டொப் வீழ்தற்குத் துணைக்காரணம் என்பது வெள்ளிடை. நிமித்த காரணமாகிய பாதம் யாருடையது என்பதோ எக்குடும்பத்திலும் இன்றளவும் நிர்ணயிக்கப்படாமையின், அதனை ஈண்டு விடுத்தனம். 75 சென்ரிமீற்றர் உயர மேசையினின்று வீழும் பொருள், கலிலியோ கண்ட விதிப்படி, அரை விநாடிக்குள் மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீற்றர் வேகமெய்தித் தரையைச் சேரும். மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் ஊரும் பஸ்கள் பொறாமைப்படத்தக்க வேகம்.

காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாய் அடக்கிய சைவ சித்தாந்திகள் காட்சியை முதலில் வைத்தனராக, கொழும்புத் தமிழர் அவ்வரிசையைத் தலைகீழாக்கி, உறவினர் உரையையே முதற்பிரமாணமாகக் கொள்வர். "பழைய ரீவிக்குத் தட்டுறமாதிரி ஒருக்காத் தட்டிப் பார் தம்பி" என்பது கொட்டாஞ்சேனைப் பெரியப்பாவின் மதம். இது முற்றாக நிராகரிக்கற்பாலது. "சார்ஜரைக் கழட்டிப்போட்டு, பவர் பட்டனை அரை நிமிசம் அமத்திப் பிடி மச்சான்" என்பது ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப் வழியே வரும் மதம். எஞ்சிய மின்னேற்றம் வடிந்து கருவி புத்துயிர் பெறுதலும் உண்டாகலின் இதிற் சிறிது சத்தியம் உளதாயினும், உடைந்த கண்ணாடியை ஒட்டும் வல்லமை இதற்கில்லை.

இனிக் கருதல். புகையால் நெருப்பை அனுமானித்தாங்கு, விசிறியின் இரைச்சலாலும், கப்ஸ் லொக் விசையை அமத்துந்தோறும் அதன் விளக்கு எரிந்து அணைதலாலும் கருவி உயிரோடிருத்தல் பெறப்படும். எச்டிஎம்ஐ வயரால் வீட்டு ரீவியில் தொடுத்தபோது படம் தோன்றுமாயின், குற்றம் மூடிப்பக்கத்ததே. ஆங்கும் தோன்றாவிடின், அதிர்ச்சியில் இடம்பெயர்ந்த ரம் பலகையைக் கழற்றி மீளப் பொருத்துதல் வேண்டும்.

ஆயினும் இவ்விசாரத்தின் சிகரம் காட்சியளவைக்குத் துணையாகும் ரோச் லைற்றே. 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிற்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ரரோலின் சேர்வையொன்றை உருக்கிய வேளை கண்ட விசித்திரமே திரவப் பளிங்கு ஆராய்ச்சிக்குத் தோற்றுவாயாயிற்று. (கரட் பார்வைக்கு நல்லதென்னும் அம்மம்மாமார் வாக்கியத்துக்கு இதனினும் வலிய பிரமாணம் வேண்டா.) லப்டொப் திரையில் அமைந்த இப்பளிங்கு தானாக ஒளிர்வதன்று, பின்னிருந்து வரும் ஒளியை மறைத்தலும் விடுத்தலுமே அதன் தொழில். ஆகலின் இருளறையில் ரோச் ஒளியைத் திரைமேற் சாய்வாகப் பாய்ச்ச, ஆணவ மலத்தால் மறைப்புண்ட ஆன்மாவெனப் படம் மங்கலாய்த் தென்படின், கெட்டது பின்னொளி மாத்திரமே. மூடியைச் சாய்க்குந்தோறும் படம் வந்து மறையின், பிணைச்சலூடு செல்லும் மெல்லிய கேபிள் தளர்ந்தது. கருங்கறையும் நிறக்கோடுகளும் படர்ந்திருப்பின் பளிங்குக் கண்ணாடி பிளந்தது. புதுத் திரை வாங்குவதன்றி மார்க்கமில்லை.

இத்துணை விசாரமும் முற்றிப் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவை அடையும் சைவ சித்தாந்தி, வீழ்ச்சிக்கு வொறன்ரி பொருந்தாதென்பதை உணர்ந்தவராகலின், "விழுந்ததோ அண்ணை?" என்ற வினாவுக்கு, "சீச்சீ, மேசையிலை இருந்தபடியே நிண்டுபோச்சுது தம்பி" என உரையளவையால் விடை பகர்வர். கடைப் பெடியன் வாதத்துக்கு வாரான். நசுங்கிய மூலையை விரலாற் காட்டிவிட்டு, பற்றுச்சீட்டில் 'விழுந்தது' என்றே எழுதுவான்.