ஏசிபி காலமானார், தற்காலிகமாக

சோனி டிவியின் ‘சிஐடி’ தொடரில் 27 வருஷம் துப்பறிந்த ஏசிபி பிரத்யுமன், 2025 ஏப்ரலில் செத்துப்போனார். பார்போசா என்ற வில்லனின் குண்டு. சேனலே ‘1998–2025’ என்று வருஷம் போட்டு அஞ்சலி வெளியிட்டது. நம்மூர் முச்சந்தி கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சற்றும் குறையாத அந்த நேர்த்தியில், நடிகர் சிவாஜி சாட்டமே போய்விட்டாரோ என்று பதறியவர்கள் உண்டு. அவரோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நிருபர்கள் விசாரித்தபோது, தான் விடுப்பில் இருப்பதாகவும், தன் பாத்திரம் முடிந்ததா இல்லையா என்று தனக்கே யாரும் சொல்லவில்லை என்றும் சொன்னார். செத்தவருக்குத் தகவல் கொடுக்காமல் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவது டிவியில்தான் நடக்கும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தி வாடையே இல்லாத எங்கள் வீட்டு ஹாலில் உரிமையோடு வந்துபோன ஒரே இந்திக்காரர் அவர். விரல்களைக் காற்றில் சுழற்றி, தன் கீழ் வேலைபார்க்கும் தயாவிடம், “தயா, குச் தோ கட்பட் ஹை” என்பார். ஏதோ கோளாறு என்று அந்த விரல்களே சொல்லிவிடும். அடுத்து, “தயா, தர்வாஜா தோட் தோ!” கதவு பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருகிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. தயா இடிப்பார்; கதவு படுத்துவிடும். உடைத்த கதவுகளுக்கெல்லாம் எந்தக் கணக்குத் தலைப்பில் பில் போட்டார்கள் என்பது, கருவூலத்தில் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற எனக்கு இன்றுவரை புரியாத மர்மம்.

துக்கச் செய்தியை அத்தையிடம் சொன்னேன். அத்தை தமிழ் சீரியல்களில் கரைகண்டவள். முறுக்கைக் கடித்தபடியே விசாரணையைத் தொடங்கினாள்.

“அவருக்குப் பதிலா யாராவது வந்திருக்காங்களா?”

“ஆயுஷ்மான்னு ஒரு புது ஏசிபி, அத்தை. சின்னப் பையன்.”

“பேரு புதுசு, ஆளும் புதுசா? அப்போ பழசு திரும்பி வந்துடும். ‘இவருக்குப் பதில் இவர்’னு போட்டான்னா நடிகர் போயிட்டார், கேரக்டர் இருக்கும். கேரக்டரைக் கொன்னான்னா நடிகர் லீவுல இருக்கார்னு அர்த்தம். நீ போய்க் குளி.”

சில வாரங்களில் ஏசிபி திரும்பி வந்தார். தடயவியல் டாக்டர் சாலுங்கேயின் மைக்ராஸ்கோப்பில் தெரியாதது முறுக்குக்குத் தெரிந்திருக்கிறது.

துப்பறிவாளர்களின் சாவே அப்படித்தான். 1893-ல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். 1903-ல் அவரே தூக்கிவிட்டார். பிபிசி ஹோம்ஸ் 2012 ஜனவரியில் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து குதித்து, 2014 புத்தாண்டன்று தலைகாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் பிரிட்டிஷ் டிவியின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ்தான். 2000 நவம்பரில் மாரடைப்பில் போனவர், போனவர்தான்.

என் கவலை வேறு. மகாராஷ்டிரத்தில் போலீஸ்காரருக்கு 58-ல் ஓய்வு. சாட்டத்துக்கு அப்போது 75 நெருங்கிக்கொண்டிருந்தது. 27 வருஷமாக ஒரு பதவி உயர்வும் இல்லாமல் ஏசிபியாகவே இருந்த மனிதருக்கு, பென்ஷனாவது ஒழுங்காக வரவேண்டாமா? எங்கள் ஆபீஸ் மாதிரி ஓர் இடத்துக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் மஸ்டரிங்குக்கு வந்தாரானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“நீங்க நிக்கறது தெரியுது சார். ஆனா ரெக்கார்டுல ஏப்ரல்ல இறந்துட்டீங்களே?”

“நான்தான் உயிரோடு வந்திருக்கேனே!”

“இன்னிக்கு இருக்கீங்க, சரி. நடுவுல சில வாரம் இருந்தீங்கன்னு கெஜட்டட் ஆபீசர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க.”

அவரே கெஜட்டட் ஆபீசர்தான். ஆனால், தனக்குத் தானே கையெழுத்துப் போட விதி இடம்கொடுக்காது. கோபத்தில் விரலைச் சுழற்றி தயாவைக் கூப்பிட்டாலும் பிரயோசனமில்லை. எங்கள் கவுன்ட்டரில் கை நுழைகிற அளவு ஓட்டைதான் உண்டு; உடைக்கக் கதவே கிடையாது.