பீரோ சாவி யாரிடம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கிறீர்கள். ஊர்க் காற்றையும் தண்ணீரையும் நாமே அளந்து பார்க்க ஒரு பொது ஆய்வுக்கூடம் வேண்டும் என்று முடிவெடுத்தும் விட்டீர்கள். நல்லது. முதலில் ஒரு பீரோ வாங்குங்கள். கருவி பிறகு வரட்டும். பீரோ இல்லாமல் நம் ஊரில் எந்தப் பொதுக்காரியம் நடந்திருக்கிறது?

அடுத்தது கமிட்டி. கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை துணைத் தலைவர்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லைச் செதுக்கிக் கைக்கோடரி செய்திருக்கிறார்கள். அகழாய்வில் கோடரிகள் கிடைத்தன, தீர்மான நோட்டு கிடைக்கவில்லை. நாம் அப்படி அவசரப்படக் கூடாது.

திறப்பு விழாவில் கருவியைக் குத்துவிளக்குக்கும் ஊதுபத்திக்கும் நடுவில் வைத்து ஆன் செய்யுங்கள். எண் மளமளவென்று ஏறும், கைதட்டல் கிடைக்கும். பிறகு துடைத்து, உறை போட்டு, பீரோவில் பூட்டிவிடலாம். சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும். பொறுப்பானவர் என்றால் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர். இரவு பத்து மணிக்கு போனை அணைத்துவிட்டுப் படுப்பவர். நாற்றம் வருவது இரவு இரண்டு மணிக்கு.

கடலூர்க்காரர்களுக்கு இந்த முறை தெரியாமல் போய்விட்டது. அங்கே சிப்காட்டை ஒட்டிய ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மாதிரி ஊர்களில் 2004இல் மக்களே காற்றைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மூடிக்குள்ளே ஒரு பை தொங்கும். பக்கெட்டில் இருக்கும் காற்றைச் சின்ன பம்ப் வெளியே இழுக்க, பைக்குள் ஊர்க்காற்று தானாக வந்து நிரம்பும். 1990களில் கலிஃபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவான யுக்தி அது. பக்கெட்டும் பயிற்சியும் கிராமத்தில் இருந்தன. பையைத் திறந்து சோதிக்கும் லேப் மட்டும் அமெரிக்காவில். வந்த முடிவில் 22 நச்சு வேதிப்பொருட்கள், அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பக்கெட் மலிவு, லேப் பில்தான் குடலை உருவும். ஆகவே உங்கள் திட்டத்தில் லேப் செலவுக்கு இடமே விடாதீர்கள். பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் மிஞ்ச வேண்டாமா?

இன்னொரு தவறும் செய்தார்கள். மூக்கைக் கருவியாகச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து என்று குறித்து வைத்தார்கள். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு உரியது. அந்த வாயு மூக்கைச் சீக்கிரமே மரக்கச் செய்துவிடும். கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது என்று தோன்றும், வாயு போயிருக்காது. அதனால் முதல் நிமிடத்திலேயே எழுதியாக வேண்டும். நீங்கள் நிதானமாகக் காலையில் குரூப்பில் போடுங்கள், பூங்கொத்துப் படம் போட்ட 'இனிய காலை வணக்கம்' செய்திக்குக் கீழே.

செலவில்லாத சோதனை ஒன்றைச் சொல்கிறேன், கமிட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, பால் கவருக்குள் போட்டு, மொட்டைமாடித் தூசி மேல் மெல்ல இழுங்கள். கவரின் அடியில் கருப்பாக மீசை முளைக்கும். இரும்பு உருக்கும் உலைகள் இருக்கிற ஊர், முளைக்காமல் என்ன செய்யும் என்பீர்கள். ஆனால் ஆற்று மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருமணல் உண்டே? அதனால் ஊத்துக்கோட்டைப் பக்கம் பெரியம்மா வீட்டு மாடியிலும் அதே அளவு இடத்தைப் பெருக்கி, அதே காந்தத்தை ஓட்டி, இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பிட ஒரு மாடி இல்லாவிட்டால் அது ஆய்வில்லை, வெறும் வயிற்றெரிச்சல்.

நுண்துகள் சென்சார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே லேசர் வெளிச்சம் துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஈரக்காற்றில் துகள் நீர் குடித்து உப்பும், எண்ணும் கூடவே உப்பும். மார்கழிப் பனியைப் பார்த்துவிட்டு ஆலை மேல் பழி போட்டால் மறுநாளே வக்கீல் வருவார். இங்கே அந்தோணிப் பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. உங்கள் சென்சார்களை அதன் பக்கத்தில் சில வாரம் ஓடவிட்டு, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கு எடுப்பதுதான் முறை. எல்லோருக்கும் பொதுவாக வேண்டியது கருவியை விட இந்த ஒப்பீடுதான். அனுமதி கேட்டு மனு எழுதுங்கள். பொருள், பார்வை, நகல் எல்லாம் சரியாக இருக்கட்டும். பதில் வருவதற்குள் சென்சாரின் ஆயுள் முடிந்திருந்தால் புதிது வாங்கிக்கொண்டு மறுபடி எழுதலாம்.

கிடைத்த எண்ணை எந்த வாத்தியாரிடம் திருத்தக் கொடுப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்துகள் வந்தால் இந்தியத் தரப்படி பாஸ். இங்கே வரம்பு 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்போ 15. ஒரே நுரையீரல், இரண்டு மார்க் ஷீட்.

இதெல்லாம் தலைவலி என்றால் பழவேற்காட்டுக்குப் போய்ப் பறவை பாருங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015இலிருந்து நடக்கிறது. பார்த்ததை ஒரே தளத்தில் ஏற்றினால் போதும், பீரோ இல்லை, சாவி இல்லை. பூநாரையை எண்ணினால் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைக்கும். புகைபோக்கியை எண்ணிப் பாருங்கள்!

உறுப்பினர் படிவம் தமிழில் மட்டும் இருக்கட்டும். உலைக்கு மிக அருகில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளி அதை வாசிக்க முடியாது; இரவு முழுக்க அந்தக் காற்றைக் குடிப்பவன் விடுபட்டால் நம் சராசரி அழகாக வரும்.

போன வாரம் இரவு எங்கள் தெருவில் வாடை வந்தபோது சாவிக்காரருக்கு மூன்று முறை அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, கொடியில் கிடந்த வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். "இரண்டு பத்து. முட்டை வாடை. வடக்கே இருந்து" என்று எழுதினார். அதற்கு மேல் வரியில் அரை லிட்டர் என்று இருந்தது.