கொடுக்கிற மனசு

எங்கள் வீட்டுக்காரர் வாடகையை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் அவருடைய பழைய கடைவீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டு, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்பார். ஒன்றாம் தேதி என்றால் அது நலம் விசாரிப்பு. ஏழாம் தேதி தாண்டிவிட்டால் அதுதான் நோட்டீஸ்.

அவரும் வேறென்ன செய்வார்? நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி ஆளை வெளியேற்ற மலேசியச் சட்டம் விடாது. வாடகைப் பாக்கிக்குப் பொருளை ஜப்தி செய்ய 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதிலும் உடுத்துகிற துணிக்கும் படுக்கைக்கும் விலக்கு. அவை போக என்னிடம் மிஞ்சுவது ஒரு காத்தாடி. அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும்.

அவருடைய அப்பா பாடு இன்னும் மோசம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமுக்கி வைத்திருந்தது. மொத்த வீட்டையும் சல்லிசாக எடுத்த தலைமைக் குடித்தனக்காரர், பலகை அடித்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு, சொந்தக்காரரைவிட அதிகம் சம்பாதிப்பார். வருகிற வாடகை ஓடு மாற்றவே போதாதபோது கூரையை யார் பார்ப்பார்கள்? சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000 ஜனவரியில் கட்டு அவிழ்ந்தது. வாடகை தாவியது, பழைய குடும்பங்கள் கிளம்பின. இந்த ஊரில் 2008-இல் யுனெஸ்கோ மெச்சிய பழமையில் ஒரு பங்கு, பழுதுபார்க்கக் காசில்லாத பழமைதான் என்பது என் கணிப்பு.

அந்தப் பழமை போன மழைக்காலத்தில் என் படுக்கையில் ஒழுகியது. 480 வெள்ளி கொடுத்து ஓடு மாற்றினேன், வாடகையில் கழித்தேன். அவர் கணக்கில் அது பாக்கி. என் கணக்கில் அது கூரை.

சரி, ஜெலுத்தோங்கில் வேறு வீடு பார்த்தேன். வீட்டுக்கார அம்மா இரண்டு மாத முன்பணம், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் என்று எல்லோரையும்போலத்தான் கேட்டார். ஆனால் கடைசி இரண்டு மாதம் வாடகை கட்டாமல் "டெப்போசிட்ல கழிச்சுக்குங்க" என்று நழுவுகிறவர்களிடம் அவர் சூடு பட்டிருக்கிறார்போல. "பழைய வீட்டுக்காரர் நம்பர் குடுங்க தம்பி" என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தர்மசங்கடம். நல்லவன் என்றால் பாக்கியோடு நான் போய்விடுவேன். கெட்டவன் என்றால் பாக்கியோடு இங்கேயே இருப்பேன். நெடுநேரம் யோசித்து, "கொடுக்கிற மனசு இருக்கும்மா" என்றாராம்.

அந்த அம்மா உருகிப்போய் வீட்டைத் தருவதாகச் சொன்னார். முன்பணம் மட்டும் மூன்று மாதம் என்றார்.