கோல் போஸ்ட் பார்த்து அட்மிஷன்

கேள்வி: விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியா, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியா? கால்பந்துப் பாரம்பரியம் எங்கே அதிகமோ அங்கேதான் சேருவேன் என்கிறான் மகன். என்ன செய்ய?
– ஒரு தாய், மயிலம்

பதில்: அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை! அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நம் பக்கம் கேலரி என்பது மதில்சுவரும் நிறுத்திவைத்த பைக்கும்தான். நீங்கள் கேட்ட இரண்டுமே அண்ணாமலைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள், பட்டத்தில் வித்தியாசமில்லை. பையன் நிஜமாகவே ஆடுகிறவன் என்றால், சான்றிதழ்களோடு விளையாட்டு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு ஓடச் சொல்லுங்கள். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அது முடிந்துவிடும். செல்போனில் மட்டும் ஆடுகிறவனா? காலை பஸ்ஸில் எந்த ஊருக்கு உட்கார இடம் கிடைக்கிறதோ, அந்தக் கல்லூரி!